ஆடாத ஜவ்வு

செப்டம்பர் 3, புதன்

ஜனவரியில் மில்லில் கொடுத்த டைரி, இத்தனை மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத விஷயம் வந்திருக்கிறது. எனக்குப் பதவி உயர்வு! ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்றுகொண்டு, நூல் அறுந்ததா, ஒட்டினாயா என்று பெண்களை விரட்டிக்கொண்டிருந்த இந்த மரகதமணி, திங்கட்கிழமையிலிருந்து பயிற்சிக்கூட ஆசிரியை. மில்லுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இனி நான்தான் வாத்தியார். வருஷக் கடைசிக்குள் மேனேஜருக்குத் திருப்தியானால் நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி மெஷின் ஹாலுக்கே போக வேண்டியதுதான்.

படிக்கிற காலத்திலிருந்து டீச்சராக வேண்டும் என்று ஆசை. அப்பா மில்லில் சேர்த்துவிட்டார். சுற்றி வளைத்து இப்போதுதான் சாக்பீஸ் கைக்கு வருகிறது. விடுவேனா?

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சென்னியப்பனிடம் சொன்னேன். பம்புசெட் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்து, மீசை மூடிய வாயை அசைத்தார். சத்தம் ஒன்றும் வெளியே வரவில்லை. இந்த மனிதருக்கு வாய்க்குள்ளேயே பேசுகிற வியாதி. கல்யாணமான புதிதில் நன்றாகத்தான் பேசினார். பவதாரணி பிறந்த பிறகு குரல் உள்ளே போய்விட்டது. பெண் பிள்ளைக்குத் தகப்பனாகிவிட்டோம் என்ற பொறுப்போ என்னவோ.

பிறகு எழுந்து போய் கிரைண்டரைப் போட்டார். அது கடகடவென்று ஓட ஆரம்பித்ததும், "அம்மிணி, நெம்ப சந்தோசம்! இனி நம்ம ஊட்டுல ஒரு டீச்சரம்மா!" என்றார். முக்கியமான விஷயம் எதுவானாலும் கிரைண்டரை ஓடவிட்டுத்தான் பேசுவார். உள்ளே உளுந்து இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. கல்லும் கல்லும் உரசி வீணாகப் போகிறது.

செப்டம்பர் 8, திங்கள்

முதல் வகுப்பு. பயிற்சிக்கூடம் புத்தம் புதிது. ஏசி, கண்ணாடிக் கதவு, வெள்ளைச் சுவர். கதவைச் சாத்தினால் மெஷின் சத்தம் துளியும் வராது. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒன்றுக்கும் வாய் திறந்து பேசத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முணுமுணு. கேள்வி கேட்டால் பதிலும் முணுமுணு. மூன்று முறை "சத்தமாச் சொல்லு கண்ணு" என்றேன். ஒருத்தி அழுதுவிட்டாள். மேனேஜர் சௌந்தரராஜன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

செப்டம்பர் 10, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். வகுப்பை மெஷின் ஹாலுக்கே மாற்றிவிட்டேன். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி, கரும்பலகையைத் தூணில் சாய்த்து வைத்துப் பாடம். அந்த இரைச்சலில் எல்லோரும் அடிவயிற்றிலிருந்து பேசுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் மணி மணியாகக் கேட்கிறது. பஸ்ஸிலும் அப்படித்தான். வீட்டிலும் பயிற்சிக்கூடத்திலும்தான் உலகமே முணுமுணுக்கிறது. நியாயமாகப் பார்த்தால், தப்பு என் மேல் இல்லை.

அது போக, எங்களுக்கு மில் பேச்சு இருக்கிறது. மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் சத்தம் போட்டுப் பயனில்லை. உதட்டைப் பெரிதாக அசைத்து, கையால் ரெண்டு சைகை காட்டினால் குழம்பில் என்ன காய் போட்டாள் என்பது வரைக்கும் தெரிந்துவிடும். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

மேனேஜருக்கு ஒரே பூரிப்பு. "செய்முறைப் பயிற்சி! நம்ம மத்த யூனிட்டுக்கெல்லாம் எழுதிப் போடறனுங்க" என்றார். நான் ஒன்றும் மறுக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஜெஸ்லின் என்று ஒரு பெண் மில்லுக்கு வந்தாள். மார்த்தாண்டம் பக்கம். இங்கே கல்லூரியில் காது ஜவ்வைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். சத்தம் காதுக்குள் போனால் ஜவ்வு அதிருமாம். எவ்வளவு அதிர்கிறது என்று லேசர் வைத்து அளக்கிறாளாம். வருஷக்கணக்காக இரைச்சலில் இருந்தும் காது கெடாத ஆள் ஒருத்தர் வேண்டும் என்றாள்.

மேனேஜர் யோசிக்கவே இல்லை. "நம்ம மரகதமணியக் கூட்டிட்டுப் போங்க. பாம்புக் காது" என்றார். உண்மைதானே. ஹாலின் அந்தக் கோடியில் ஒருத்தி என்னைத் திட்டினால் இந்தக் கோடியிலிருந்து பிடித்துவிடுவேன். உதட்டைப் பார்த்தால் போதாதா?

செப்டம்பர் 13, சனி

மதியத்துக்கு மேல் கல்லூரிக்குப் போனேன். முதலில் காது கேட்கும் பரீட்சை. சத்தம் புகாத சின்ன அறை, ஃபிரிட்ஜுக்குள் வைத்த கத்தரிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெஸ்லின். ஹெட்போனில் கீச்சென்று சத்தம் வந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பழக்கம். சத்தம் அனுப்பும்போது புருவம் லேசாக மேலே ஏறுகிறது. 'கேட்டதா?' என்று கேட்கிற மாதிரி. கவனிக்கிறவளுக்குத் தெரியும். நான் கவனிக்கிறவள். புருவம் ஏறியபோதெல்லாம் அழுத்தினேன். எனக்குச் சத்தம் கேட்டதா என்றால், கேட்டிருக்கும். அவ்வளவு மெல்லிய சத்தம் கேட்டதா இல்லையா என்று யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும்?

"அடேயப்பா, சின்னப் பிள்ளைங்க காதுக்கா உங்களுக்கு!" என்றாள் ஜெஸ்லின். பஸ்ஸில் வரும்போது நானே சிரித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 20, சனி

இன்றைக்கு லேசர். படுக்க வைத்து, தலை ஆடாமல் ரெண்டு பக்கமும் மணல் பை முட்டுக்கொடுத்தாள். காதுக்குள் ஒரு பொடி ஸ்பீக்கர். மேலே மைக்ராஸ்கோப். அதன் வழியாகச் சிவப்புப் புள்ளி ஒன்று காதுக்குள் போய் ஜவ்வின் நடுவில் நிற்குமாம். ஜவ்வு ஆடினால் திரும்பி வரும் ஒளியும் மாறும், அதை வைத்துக் கணக்கு. எவ்வளவு ஆடும் என்று கேட்டேன். ஒரு தலைமுடியின் கனத்தை ஆயிரம் கூறு போட்டு அதில் ஒரு கூறு எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு என்றாள். அதையும் அளக்கிறாளே, கெட்டிக்காரி.

"எச்சில் முழுங்கக்கூடாது கேட்டீங்களாக்கா" என்றாள். அவள் சொன்ன நொடியிலிருந்து வாயில் ஊற்று திறந்துவிட்டது. புளியங்காயை நினைக்காதே, நினைக்காதே என்று நினைத்தே பாதி நேரம் போயிற்று.

முடிந்ததும் திரையைக் காட்டினாள். மற்றவர்கள் கோடு மருதமலை மாதிரி ஏறி இறங்குகிறது. என் கோடு பாய் விரித்துப் படுத்துக் கிடக்கிறது. அதிலும் கட்டைச் சத்தத்துக்குச் சுத்தமாக அசையவே இல்லை. "மெஷின்ல ஏதோ கோளாறு" என்று தலையைச் சொறிந்தாள்.

"எங்க மில்லுலயும் புது மெஷின் இப்படித்தான் மக்கர் பண்ணும்" என்று ஆறுதல் சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

பாவம், அந்தப் பெண் மெஷினைப் பிரித்து மாட்டியிருக்கிறாள். ஒயரெல்லாம் புதிது. ஏசி அதிர்வாக இருக்கும் என்று அதையும் அணைத்துவிட்டாள். வியர்த்து ஊற்றியது. அவளுடைய காதில் அளந்தால் மலை. தோழி காதில் அளந்தால் மலை. என் காதில் மட்டும் பாய்.

மெஷினுக்கு என்னைப் பிடிக்கவில்லை. வேறென்ன?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மில்லில் வருஷத்துக்கு ஒருநாள் இன்றைக்குத்தான் எல்லா மெஷினையும் நிறுத்துவோம். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்து... எனக்கு எப்போதும் ரொம்பப் பிடித்த நாள்.

பூஜை முடிந்ததும் மேனேஜர் என் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இதுவரை படித்ததை எல்லோர் முன்னாலும் சொல்லச் சொன்னார். அதே ஹால். அதே தூண். நான் அதே இடத்தில் நின்றேன். மெஷின்தான் ஓடவில்லை.

ஒருத்தி வந்து நின்று பேசினாள். நன்றாகப் பேசினாள் போலிருக்கிறது, எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்னிடம் திரும்பி, குனிந்த தலையோடு என்னமோ கேட்டாள். சிரித்தேன். மறுபடி கேட்டாள். மறுபடி சிரித்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "பொரி எடுத்துக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மாலையில் தலைவலி. சுண்டலில் உப்பு குறைவு.

அக்டோபர் 11, சனி

கோயமுத்தூரே மெட்ராஸ் ஐயில் கிடக்கிறது. ஜெஸ்லினுக்கும் வந்துவிட்டது. மூஞ்சியில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி, மிச்சப் பாதிக்கு மாஸ்க். "மெஷின்ல ஒரு தப்பும் இல்லக்கா. இனி செக் பண்ண மிச்சம் இருக்கது உங்க காது கேக்கற சோதனை மட்டும்தான். கிட்ட வரமாட்டேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னே பண்ணிரலாம்" என்று தூரத்தில் நின்று கத்தினாள்.

உட்கார்ந்தேன். ஹெட்போன் மாட்டினேன். எதிரே பார்த்தால் புருவம் இல்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துவிட்டது.

காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்தாள். பரீட்சை முடிந்துவிட்டதாம்.

பிறகு இரும்பில் கவட்டை மாதிரி ஒன்றைத் தட்டி, அதிர அதிர என் கையில் கொடுத்தாள். காதுக்கு எதிரே பிடிக்கச் சொன்னாள். ஒன்றும் இல்லை. காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தச் சொன்னாள். அம்மாடி! கோயில் மணி மாதிரி மண்டைக்குள் இறங்கியது.

ஜெஸ்லின் கையிரண்டையும் தூக்கிக் குதித்துக் கத்தினாள். "லேசர் சரிதான்! மெஷின் சரிதான்! உங்க ஜவ்வுதான்க்கா ஆடலை!"

ஒருத்திக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தால் இப்படியா குதிப்பாள்? என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் பின்னாலேயே ஓடிவந்து ஏதோ சொன்னாள். மாஸ்க் போட்டிருந்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மில்லில் காது போனவர்களை எனக்குத் தெரியும். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று நரம்பு செத்துவிடும். அதற்கு வைத்தியம் இல்லை என்று கம்பெனி டாக்டரே சொல்லியிருக்கிறார். என் காதும் அப்படித்தான் என்றால் முடிந்தது கதை. காது கேட்காத வாத்தியாரை யார் வைத்துக்கொள்வார்கள்? வருஷக் கடைசியில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

நான் அதற்காக அழவில்லை. வெங்காயம் உரித்தேன்.

அக்டோபர் 15, புதன்

பவதாரணி டியூஷன் போனதும், வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் கிரைண்டரைப் போட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஏனுங்க மாமா, இத எதுக்குப் போடறீங்க?"

"இது ஓடுனா உனக்குக் கேக்குதில்ல."

"எத்தன நாளாத் தெரியும்?"

"பவதாரணி நடை பழகறப்பவே தெரியுமே அம்மிணி."

"அடப்பாவி மனுசா, அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னனே! ரெண்டு தடவ சொன்னேன். அன்னிக்கெல்லாம் கிரைண்டர் போடாமச் சொல்லிப்போட்டேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெறும் கல் சுற்றிக்கொண்டிருக்க, அவர் தோளில் சாய்ந்து ரெண்டையும் செய்தேன். ஒரு நாளும் என்னைச் செவிடு என்று சொல்லிக்காட்டாத மனுசன். நான்தான் ஊரெல்லாம் அவரை முணுமுணுப்பான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜெஸ்லின் எங்கள் வீட்டு நம்பருக்கு நான்கு முறை கூப்பிட்டிருக்கிறாளாம். "அந்தப் புள்ள நல்ல சேதின்னு சொல்லுது. சனிக்கெழம போலாம்" என்றார்.

அக்டோபர் 18, சனி

காது டாக்டர் வேதவல்லியும் லேபுக்கே வந்திருந்தார். குட்டையாக, கணீரென்று பேசுகிற அம்மா. பார்த்ததும் பிடித்துவிட்டது. மறுபடி லேசர். மறுபடி பாய்.

டாக்டர் விளக்கினார். நரம்பு செத்திருந்தாலும் ஜவ்வு எப்போதும் போல ஆடுமாம், ஏனென்றால் ஜவ்வோடு ஒட்டியிருப்பது குட்டி எலும்புகள்தான், நரம்பு இல்லை. என் ஜவ்வு ஆடவில்லை. அப்படியென்றால் பின்னாலிருக்கும் கடைசி எலும்பு இறுகிப்போய் ஜவ்வையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அரிசிக் குருணை அளவு எலும்பு. மில் சத்தத்தால் வந்ததில்லை. சில பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இது அதிகமாகுமாம். "எலும்புல வெச்சா மணி மாதிரி கேட்டுதில்லையா? உங்க நரம்பு ஜம்முன்னு இருக்கு" என்றார். இரைச்சலில் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள், அந்த இரைச்சல் எனக்கு எட்டாது, பேச்சு மட்டும் எட்டும், கிரைண்டர் ரகசியம் அதுதானாம்.

ஜெஸ்லின் குதித்ததற்கு அர்த்தம் இன்றைக்குத்தான் புரிந்தது.

"அத எடுத்துட்டு, அந்த எடத்துல ஒரு சின்ன பிஸ்டன் வெப்போம்" என்றார் டாக்டர்.

அதுவரை மூலையில் கைகட்டி நின்றிருந்த என் வீட்டுக்காரர் ஒரே எட்டில் முன்னால் வந்தார். "பிஸ்டனுங்களா? ஜாம் ஆயிருச்சு, மாத்தறீங்க! என்ன சைசுங்க? ஸ்டீலுங்களா?" டாக்டரும் அவரும் ஒரு பேப்பரில் படம் போட்டு அரைமணி நேரம் பேசினார்கள். என் காதை விட்டுவிட்டு ஏதோ கிணற்று மோட்டாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நூற்றில் ஒருத்தருக்கு, இப்போது கேட்கிற கொஞ்சமும் அந்தக் காதில் போய்விடலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவே வெடிக்கிறது. எல்லோர் பேச்சும் நன்றாகக் கேட்டது. வருஷம் பூராவும் தீபாவளியாக இருந்தால் ஆபரேஷனே வேண்டாம்.

பயமாக இருக்கிறது. எழுதியாவது வைக்கிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப, ஹால்ல கிளாஸ் எடுத்தது?"

"சத்தத்துலதானுங்க எனக்குக் கேக்கும்."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். என் வகுப்பைப் பார்த்து மற்ற யூனிட்டிலெல்லாம் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் போய்விட்டார்களாம். அங்கே ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்று தினமும் புகார் வருகிறதாம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல மனிதர், அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் பேச்சில் கறார். "ஆபரேசன் பண்ணிக்கோங்க, லீவு தர்றனுங்க. ஆனா வருசக் கடைசீல நான் வந்து உக்காருவேன். பயிற்சிக்கூடத்துல, கதவச் சாத்திட்டு நீங்க கிளாஸ் எடுக்கோணும். அதப் பாத்துத்தான் முடிவு" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 12, புதன்

எழுத்துக் கோணினாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

இடது காதில் ஆபரேஷன். மயக்க மருந்து கிடையாது, காதை மட்டும் மரத்துப்போக வைக்கிறார்கள். முகத்தின் மேல் பச்சைத் துணி போர்த்திவிட்டார்கள். உதடும் தெரியாது, புருவமும் தெரியாது. இந்த நாற்பது வயசுக்கு முதல் தடவையாக, பார்க்க ஒன்றுமே இல்லாமல் படுத்திருந்தேன். என்னென்னவோ வேண்டுதல் எல்லாம் வைத்தேன். சென்னிமலைக்கு நடந்தே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கறகற என்று எங்கேயோ எலும்புக்குள் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு...

டங்!

தட்டில் யாரோ கத்திரியைப் போட்டார்கள். தூக்கிவாரிப்போட்டது. ஆடாதீங்கம்மா என்று நர்ஸ் சொன்னாள். சொன்னாள்! எனக்குக் கேட்டது! எங்கோ கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு நர்ஸ், நாளைக்கு லீவு கிடைக்குமா என்று ரகசியமாக யாரையோ கேட்டாள். அதுவும் கேட்டது.

டாக்டர் காதோரம் வந்து, மூச்சு விடுகிற மாதிரி மெதுவாக, "மரகதமணி, உங்க ஊரு எது?" என்றார்.

"சூலூர் பக்கமுங்க டாக்டர்!" என்று கத்தினேன் போலிருக்கிறது. அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பும் கேட்டது. துணிக்கடியில் கண்ணீர் ஓடிக் காதுப் பக்கம் வருகிறது என்று நர்ஸ் துடைத்துவிட்டாள்.

பிறகு பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்கள். மறுபடி ஒன்றும் இல்லை. பரவாயில்லை.

நவம்பர் 13, வியாழன்

தலை சுற்றல். நாக்கின் ஒரு பக்கத்தில் எதைத் தின்றாலும் இரும்புச் சுவை. சில வாரத்தில் போய்விடும் என்கிறார்கள். மூக்குச் சிந்தக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. தண்ணீர் தூக்குவது, துணி துவைப்பது எல்லாம் வீட்டுக்காரர். நான் ராணி.

நவம்பர் 19, புதன்

பஞ்சுக்குப் பின்னால் கேட்கிறதா இல்லையா? அன்றைக்குக் கேட்டது போய்விட்டிருந்தால்? விரலை வைத்துத் தட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். பவதாரணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 26, புதன்

பஞ்சை எடுத்துவிட்டார்கள்.

என்ன உலகம் இது! இவ்வளவு சத்தமா? ஆஸ்பத்திரியில் யார் செருப்போ கீச்கீச்சென்கிறது. ஆட்டோவில் சீட்டு முனகுகிறது. வீட்டுக்கு வந்தால் குழாய் சொட்டுகிறது, ஃபேன் கிறீச்சிடுகிறது, பல்லி கூப்பிடுகிறது. புடவை நடக்கும்போது சரசரவென்று ஒரு சத்தம் வருமே, அதை நான் மறந்தே போயிருந்தேன். வேண்டுமென்றே ரெண்டு தரம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

என் வீட்டுக்காரர் முணுமுணுக்கவே இல்லை! கணீரென்று பேசுகிறார். அதோடு நிறுத்துகிறாரா? ஸ்பேனரைத் தேடிக்கொண்டு தனக்குத்தானே பேசுகிறார், குளிக்கும்போது பாடுகிறார், சுருதி ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம். இத்தனை வருஷம் தப்பித்திருக்கிறேன்.

இன்னொன்று. இதை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். சாப்பிடும்போது நான் என்னமோ சொன்னேன். பவதாரணி, "அம்மா! இப்பத்தான் நீ பேசறது கேக்குது!" என்றாள். காதடைத்தவர்களுக்குத் தங்கள் குரல் மண்டைக்குள்ளேயே பெரிதாகக் கேட்குமாம், அதனால் மெல்லப் பேசுவார்களாம். அதாவது இந்த வீட்டில் இத்தனை வருஷமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது நான்தானாம்!

அப்பனும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

டிசம்பர் 13, சனி

ஜெஸ்லின் லேபுக்கு மூன்று பேரும் போனோம். மணல் பை, சிவப்புப் புள்ளி, எச்சில் முழுங்கக்கூடாது. இந்தத் தடவை எனக்கு அது பழகிவிட்டது.

திரையில் என் கோடு எழுந்து உட்கார்ந்திருந்தது. மருதமலை என்று சொல்ல முடியாது, ஒரு நல்ல குன்று. ஜெஸ்லின் கண்ணில் தண்ணீர், அதைத் துடைத்துக்கொண்டே இளிக்கிறாள். இவளிடம் கோபித்துக்கொண்டு போனேனே என்று இருந்தது. கையைப் பிடித்து, "நீ குதிச்சது நாயந்தான் கண்ணு. இப்பக் குதி" என்றேன். குதித்தாள்.

பிறகு ஒரு வேடிக்கை காட்டினாள். மைக்கில் யாராவது பேசினால் அது என் காதுக்குள் போகும், ஜவ்வு ஆடும், லேசர் அந்த ஆட்டத்தைப் படித்து வெளியே ஸ்பீக்கரில் அதையே சத்தமாக்கிவிடும். என் ஜவ்வே ஒரு ரேடியோ பெட்டி மாதிரி. மைக்கை என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

அவர் வேர்த்துப்போனார். "என்னத்தப் பேசறதுங்க?"

அது என் ஜவ்வு வழியாகப் போய், ஸ்பீக்கரில் கொஞ்சம் கரகரப்போடு திரும்பி வந்தது. 'என்னத்தப் பேசறதுங்க?'

"ஏதாச்சும் பேசுங்க மாமா" என்றேன். தலையை ஆட்டாதீங்கக்கா என்று ஜெஸ்லின் கத்தினாள்.

கடைசியில் மைக்கை வாயருகே கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல் சொல்கிற மாதிரி, "அம்மிணி, கிரைண்டர ஆருக்காச்சும் குடுத்தறலாமா?" என்றார்.

அந்தக் கரகரத்த குரல் அறை முழுக்க நிரம்பியது. நான் சிரித்ததில் கோடு திரையை விட்டே வெளியே ஓடிவிட்டது. அளவு வீணாகிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

டிசம்பர் 28, ஞாயிறு

நாளைக்கு மேனேஜர் வருகிறார். அரக்குப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். பாடத்தைப் பவதாரணியை உட்காரவைத்து ரெண்டு தரம் நடத்திப் பார்த்தேன். அவளுக்கே மில்லில் வேலை பார்க்கிற அளவுக்குத் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 29, திங்கள்

கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். ஏசி மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முன்னால், மேனேஜர் கடைசி பெஞ்சில் கையில் பேனாவோடு.

முதல் கொஞ்ச நேரம் சுமாராகத்தான் போயிற்று. கேள்வி கேட்டேன், பதில் வந்தது. ஆனால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. எதிரே இருக்கிற உதடுகளைக் கண் தானாகப் படித்துவிடுகிறதே, காது கேட்கிறதா, கண் கேட்கிறதா என்று சந்தேகம். மேனேஜரும் அதைத்தான் பார்க்கிறார் என்று தோன்றியது. சரி, ஆனது ஆகட்டும் என்று எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பலகையில் மெஷின் படம் போட்டு, பாகங்களின் பெயரை எழுத ஆரம்பித்தேன்.

வகுப்பு நிசப்தமாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு குசுகுசுப்பு.

"ஏண்டி, இந்தக்கா எழுத்து கோழி கெளறின மாதிரியே இருக்குது பாரு."

"மெல்லப் பேசுடி. அக்காவுக்குக் கேட்டுரப் போகுது."

"அதுக்கு எங்க கேக்கும்?"

என் கை நின்றுவிட்டது. என்னைப் பற்றிப் புறம் பேசுகிறார்கள். முதுகுக்குப் பின்னால், கதவு சாத்திய அறையில், ரகசியமாக. ஒரு சொல் விடாமல் காதாரக் கேட்டேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்னும் கொஞ்சம் பேச மாட்டார்களா என்று, எழுதியதையே அழித்து அழித்து மறுபடி எழுதினேன். அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை.

திரும்பாமலே, "கோழி கெளறினதுல எந்த வரி புரியலைன்னு சொன்னா, திருத்தி எழுதிப்போடறேன்" என்றேன்.

பிறகு மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. பேனாவுக்கு மூடி போடும் சத்தம், பெஞ்சு நகர்கிற சத்தம். "எனக்குப் போதுமுங்க டீச்சர். இனி இந்த ரூமு உங்களுது" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார். டீச்சர் என்றார்!

திரும்பிப் பார்த்தால், என் எழுத்தைக் கோழி என்ற பிள்ளை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்து, கண்ணில் நீர் முட்டி நின்றது.

"நீ எதுக்குக் கண்ணு பயப்படறே? உக்காரு" என்றேன். "நான் மறுபடி அந்தப் பக்கம் திரும்பி எழுதறேன். நீ இன்னுங் கொஞ்சம் பேசு."